இரண்டு திர்ஹமும் பதினைந்து நாட்களும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

பொறுமை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனம் மய்யித்து வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் போகிறது. இறப்பு வந்தால் பொறுமை, நோய் வந்தால் பொறுமை. அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றோடு தலைப்பு முடிந்துவிடும். அது சரிதான். ஆனால் கடைத்தெருவிலும் ஒரு பொறுமை இருக்கிறது. பணம் போட்டவருக்கும் பாடுபடுபவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய பொறுமை அது. மிம்பரில் நாம் அதை அதிகம் பேசுவதில்லை.

இப்போது பேச வேண்டிய அவசியம் வந்துவிட்டது. நம் மஹல்லாவிலேயே படித்த பிள்ளைகள் சிலர் வேலைக்கு விண்ணப்பம் போடுவதை விட்டுவிட்டு ‘ஸ்டார்ட்அப் தொடங்கப் போகிறோம்’ என்கிறார்கள். மறுபுறம், வளைகுடா நாடுகளில் இருபது வருடம் பாடுபட்டுத் திரும்பியவர்களின் கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கிறது. பேங்கில் போட்டால் வட்டி. வீட்டில் வைத்தால் கல்யாணம், காதுகுத்து, மராமத்து என்று கரைகிறது. ஆகவே பிள்ளைகளின் யோசனையும் பெரியவர்களின் பணமும் சந்திக்கின்றன. அல்ஹம்து லில்லாஹ், நல்ல சந்திப்புதான். ஆனால் ஓராண்டு கழித்து அதே இரு தரப்பும் பஞ்சாயத்துக்காகப் பள்ளிவாசலுக்கு வரும்போது முகங்கள் வேறு மாதிரி இருக்கின்றன.

கோடரியும் உணவும்

அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அன்சாரித் தோழர் ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் உதவி கேட்டு வந்தார். வீட்டில் ஏதாவது இருக்கிறதா என்று நபியவர்கள் விசாரித்தார்கள். ஒரு முரட்டு விரிப்பும் தண்ணீர் குடிக்கும் ஒரு கிண்ணமும் இருப்பதாகச் சொன்னார். அவ்வளவுதான் அந்த வீட்டின் சொத்து. இரண்டையும் கொண்டுவரச் செய்து, நபியவர்களே கையில் எடுத்து, அங்கிருந்தவர்களிடம் விலை கேட்டார்கள். ஒருவர் ஒரு திர்ஹம் தருவதாகச் சொன்னார். அதற்கு மேல் தருபவர் உண்டா என்று மறுபடியும் மறுபடியும் கேட்டார்கள். இன்னொருவர் இரண்டு திர்ஹமுக்கு வாங்கிக்கொண்டார்.

அந்த இரண்டு திர்ஹமையும் அன்சாரியிடம் கொடுத்து, ஒன்றுக்கு உணவு வாங்கி வீட்டில் கொடுக்கச் சொன்னார்கள். இன்னொன்றுக்கு ஒரு கோடரி வாங்கிவரச் சொன்னார்கள். வாங்கி வந்ததும் தம் திருக்கரத்தாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்று வரும்படியும், பதினைந்து நாட்களுக்குத் தம் கண்ணில் படக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்கள். அவர் திரும்பி வந்தபோது பத்து திர்ஹம் சம்பாதித்திருந்தார்.

யாசகம் கூடாது என்பதற்கு ஆதாரமாகவே நாம் இதைச் சொல்லி வருகிறோம். ஹதீஸின் நோக்கமும் அதுதான். ஆனால் தொழில் தொடங்க நினைக்கும் ஒருவர் இதை நிதானமாகப் படித்தால் வேறு சில விஷயங்களும் கண்ணில் படும்.

இரண்டு திர்ஹமையும் கோடரியில் போடச் சொல்லவில்லை நபியவர்கள். போட்டிருந்தால் இன்னும் நல்ல கோடரி கிடைத்திருக்கும். ஆனால் வீட்டில் அடுப்பு எரியாது. அடுப்பு எரியாத வீட்டுக்காரர் மூன்றாம் நாளே கோடரியை விற்க வந்திருப்பார். முதலில் வீட்டுக்கு ஒரு திர்ஹம், பிறகு தொழிலுக்கு ஒரு திர்ஹம். இரண்டும் வேறு வேறு பணம். இன்று தொழில் தொடங்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். தம்பி, உன் வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதத்துக்கு வழி வைத்திருக்கிறாய்? பெரும்பாலும் பதில் வருவதில்லை. லோகோ தயாராக இருக்கிறது, விசிட்டிங் கார்டு தயாராக இருக்கிறது, வீட்டு வாடகைக்கு வழியில்லை. மனைவியின் நகை அடகுக்கடையில் இருக்கும்போது பொறுமையாக இரு என்று யாருக்கு உபதேசம் செய்ய முடியும்? பொறுமைக்கும் சோறு போட வேண்டியிருக்கிறது.

அந்தப் பதினைந்து நாட்களையும் பாருங்கள். இரண்டாம் நாள் அவர் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கை கொப்பளித்துவிட்டது, விறகுக்கு விலை படியவில்லை, சந்தையில் ஏற்கெனவே நான்கு பேர் விற்கிறார்கள் என்று சொல்லியிருப்பார். எல்லாம் உண்மையாகவும் இருந்திருக்கும். அந்தப் பேச்சுக்கு இடமில்லாமல், கணக்குப் பார்க்கும் நாளை நபியவர்கள் தொடக்கத்திலேயே குறித்துவிட்டார்கள். வேலை செய்பவருக்கு இடையூறு இல்லாத காலம் கிடைத்தது. அந்தக் காலத்துக்கு ஓர் எல்லையும் இருந்தது. ‘வரும்போது வரட்டும், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்’ என்று காலவரையில்லாமல் விட்டுவிடவில்லை.

ஸப்ர் என்றால் உட்கார்ந்திருப்பதல்ல

ஸப்ர் என்ற அரபுச் சொல்லுக்குத் தடுத்து நிறுத்துதல், கட்டுப்படுத்திப் பிடித்தல் என்ற பொருள் உண்டு. உலமாக்கள் அதை மூன்று இடங்களில் வைத்துப் பேசுவார்கள். வணக்கத்தில் நிலைத்திருப்பதில் பொறுமை, பாவத்தை விட்டு விலகி நிற்பதில் பொறுமை, சோதனை வரும்போது பொறுமை. தொழிலில் இந்த மூன்றும் வரும். ஆனால் பிள்ளைகளை அதிகமாக வீழ்த்துவது நடுவில் உள்ளதுதான்.

மாதத்தின் முதல் தேதி வருகிறது. மூன்று பேருக்குச் சம்பளம் தர வேண்டும். கணக்கில் பணம் இல்லை. போனைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் கடன் தரும் செயலி இருக்கிறது, வட்டிக்கு. இன்னொருவர் வந்து, வாடிக்கையாளர் எண்ணிக்கையை ‘கொஞ்சம் கூட்டிக் காட்டு, புதிதாகப் பணம் போட ஆள் இருக்கிறது’ என்கிறார். வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம் கையில் இருக்கிறது. அதை எடுத்து வேறு ஓட்டையை அடைக்கலாம். இந்த இடத்தில் கையைத் தடுத்துக்கொள்கிறானே, அதுதான் வியாபாரியின் ஸப்ர். சம்பளம் பத்து நாள் தாமதமாகும் என்பதை ஊழியர்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்லி, வெட்கப்பட்டு நிற்பதும் அதில் சேரும்.

நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டிய செய்தியை ஹூத் அத்தியாயத்தில் அல்லாஹ் சொல்கிறான். அந்த வழியாகப் போன சமூகத் தலைவர்கள் எல்லாரும் கேலி செய்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்குப் பதில் சொன்னார்கள் நூஹ் (அலை). ஆனால் கட்டுவதை நிறுத்தவில்லை. பலகை மேல் பலகை ஏறிக்கொண்டே இருந்தது. அல்லாஹ் நினைத்திருந்தால் கப்பலை வானத்திலிருந்து இறக்கியிருக்கலாம். தன் கண்காணிப்பில், நபியின் கையால் கட்ட வைத்தான்.

அதே சமயம், நிலைத்து நிற்பது வேறு, பிடிவாதம் வேறு. அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) மக்காவில் செல்வத்தை விட்டுவிட்டு மதீனாவுக்கு வெறுங்கையோடு வந்தார்கள். ஸஅத் பின் ரபீஃ (ரலி) தம் சொத்தில் பாதியைத் தர முன்வந்தபோது, அவருக்காக துஆ செய்துவிட்டு, சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். பனூ கைனுகாஃ சந்தையைக் காட்டினார்கள். அன்று சந்தையிலிருந்து திரும்பும்போது கையில் கொஞ்சம் பாலாடைக் கட்டியும் நெய்யும் இருந்தன என்று புகாரியில் வருகிறது. மறுநாளும் போனார்கள், அதற்கு மறுநாளும் போனார்கள். சிறிது காலத்தில் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றார்கள். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னது அப்போதுதான். குறைஷிகளின் பெரிய வணிகக் கூட்டங்களைப் பார்த்தவர் அவர். மதீனாவில் நெய்யில் தொடங்க அவருக்குக் கூச்சம் இருக்கவில்லை. ஊர் மக்கள் தினமும் எதை வாங்குகிறார்களோ அதிலிருந்து தொடங்கினார்.

நம் காலத்திலும் நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வயநாட்டில் ஒரு கூலித் தொழிலாளியின் மகனாகப் பிறந்த பி.சி. முஸ்தஃபா, ஆறாம் வகுப்பில் தோற்றவர், பிறகு படித்துப் பொறியாளராகி வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். தம் உறவுக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து பெங்களூரில் 2005-இல் இட்லி, தோசை மாவு அரைத்து விற்கத் தொடங்கினார். அவர்களின் மளிகைக் கடையில் யாரோ பிளாஸ்டிக் பையில் ரப்பர் பேண்ட் போட்டு மாவு விற்பதைப் பார்த்து வந்த யோசனை அது. மிகச் சிறிய இடத்தில்தான் தொடக்கம். நாளொன்றுக்கு நூறு பாக்கெட் என்ற அளவை எட்டவே சுமார் ஒன்பது மாதம் ஆனதாக அவர் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள். பொறியியல் படித்த மனிதர் ஒருவர் தம் உறவினர்களோடு ஒன்பது மாதம் நூறு பாக்கெட்டுக்காக அலைந்திருக்கிறார். வெளியார் முதலீடு கோடிக்கணக்கில் வந்தது 2014-இல்தான். 2021-இல் அந்த மாவில் மாட்டெலும்பு கலக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு பொய் பரவியது. அதையும் தாங்க வேண்டியிருந்தது. மாவு வியாபாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தப் பாடம் எளிதாக விளங்கும் என்று நினைக்கிறேன். அரைத்த மாவை ஒரு ராத்திரி விட்டு வைக்க வேண்டும். அவசரத்தில் ஊற்றினால் இட்லி கல்லாகத்தான் வரும்.

யூடியூபில் ஆறு மாதத்தில் கோடீஸ்வரர் ஆனவர்களின் பேட்டி பார்க்கும் பிள்ளைகளுக்கு இந்த ஒன்பது மாதம் தெரிவதில்லை. நம் நாட்டு அரசாங்கமே ஒரு நிறுவனத்துக்கு ஸ்டார்ட்அப் என்ற அங்கீகாரத்தைப் பதிவு செய்த நாளிலிருந்து பொதுவாகப் பத்து ஆண்டுகள் வரை தருகிறது. இத்தகைய தொழில்களில் பணம் போடும் பெரிய முதலீட்டு நிதிகளும் பெரும்பாலும் பத்தாண்டுக் கணக்கில்தான் இயங்குகின்றன. மார்க்கம் பேசாதவர்கள்கூட பத்து வருடம் காத்திருக்கிறார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் மூன்றாம் மாதமே லாபம் எங்கே என்கிறார்கள்.

பணம் போடுபவர்களுக்கு

இனி நான் சொல்லப் போவது பெரியவர்களுக்கு. கொஞ்சம் கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பிரச்சினை என்னிடம் வந்தது. ஊர், பெயர் வேண்டாம். சவூதியிலிருந்து திரும்பிய ஒருவர், தம் அண்ணன் மகனின் தொழிலில் ஐந்து லட்சம் போட்டார். சிறிய கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்யும் தொழில். மாதம் பத்தாயிரம் லாபம் தர வேண்டும் என்று பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. பையன் எட்டு மாதம் ஒழுங்காகக் கொடுத்தான். ஒன்பதாம் மாதம் கொடுக்கவில்லை. சாச்சாவுக்குக் கோபம், அண்ணன் தம்பி பேச்சு நின்றுவிட்டது. பையனைத் தனியாக அழைத்து, எட்டு மாதம் எப்படிக் கொடுத்தாய் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “தொழில்ல இன்னும் லாபமே வரல ஹஜ்ரத். சாச்சா கொடுத்த பணத்திலேருந்துதான் சாச்சாவுக்குக் கொடுத்தேன்.”

எண்பதாயிரம் ரூபாய். அந்த மனிதர் எட்டு மாதமாக லாபம் என்று நினைத்துத் தம் முதலையே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பையனோ வாடிக்கையாளரைத் தேடிப் போக வேண்டிய நாட்களில், அடுத்த மாதம் பத்தாயிரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தான். அவசரப்பட்டவர் தம் மரத்தையே வெட்டி விறகாக்கி, குளிர்காய்ந்தார்.

இதில் சட்டப் பிரச்சினை என்ன? ஒருவர் பணம் போட்டு, மற்றவர் உழைத்து, லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வதற்கு முளாரபா என்று பெயர். கிராள் என்றும் சொல்வார்கள். நம் மத்ஹபுகள் எல்லாம் ஏற்றுக்கொண்ட முறை. இதில் லாபத்தைப் பாதிப் பாதி, அறுபது நாற்பது என்று விகிதமாகத்தான் பேச வேண்டும். இத்தனை ரூபாய் என்று ஒரு தரப்புக்கு நிச்சயித்துவிட்டால் ஒப்பந்தமே செல்லாது. இதில் உலமாக்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை என்று இப்னுல் முன்திர் (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். நஷ்டம் வந்தால் பணம் போட்டவரின் பணம் போகும். உழைத்தவரின் உழைப்பு போகும். உழைத்தவர் மோசடி செய்திருந்தால், நிபந்தனையை மீறியிருந்தால், அலட்சியமாக இருந்திருந்தால் மட்டுமே அவரிடம் ஈடு கேட்கலாம். முதல் முழுதாகத் திரும்பாதவரை லாபம் என்று ஒன்று கணக்கில் இல்லை.

ஆக, ‘மாதம் பத்தாயிரம், முதலுக்கும் கேரண்டி’ என்று கேட்பவர் உண்மையில் என்ன கேட்கிறார்? லாபத்தில் எனக்குப் பங்கு வேண்டும், காத்திருப்பதில் வேண்டாம், பயத்தில் வேண்டாம், நஷ்டத்தில் வேண்டாம் என்கிறார். இந்த நான்கில் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்வதற்கு நம் மார்க்கத்தில் பெயர் வட்டி. அதற்கு ‘லாபம்’ என்று பெயர் வைத்தாலும், பிஸ்மி சொல்லி வாங்கினாலும் மாறாது. பொறுமையின்மை என்பது இங்கே குணக்குறை மட்டுமல்ல, ஹலாலை ஹராமாக்கும் காரணமாகவே ஆகிவிடுகிறது. இதை நாம் கவனிப்பதில்லை.

இமாம் மாலிக் (ரஹ்) தம் முவத்தாவில் ஒரு சம்பவத்தைக் கொண்டுவருகிறார்கள். உமர் (ரலி) அவர்களின் மகன்கள் அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் இருவரும் படையோடு இராக் போய்த் திரும்பும் வழியில், பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களைச் சந்தித்தார்கள். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப்பணம் அவர்களிடம் இருந்தது. அதைக் கடனாகத் தருவதாகவும், அதில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, முதலைக் கலீஃபாவிடம் ஒப்படைத்து, லாபத்தை வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள். அப்படியே விற்றார்கள், லாபம் வந்தது. உமர் (ரலி) கேட்ட முதல் கேள்வி, படையில் இருந்த எல்லோருக்கும் இப்படிக் கொடுத்தாரா என்பது. இல்லை என்றதும், கலீஃபாவின் பிள்ளைகள் என்பதற்காகத்தானே கொடுத்தார், முதலையும் லாபத்தையும் வையுங்கள் என்று உத்தரவிட்டார்கள். அப்துல்லாஹ் (ரலி) பேசவில்லை. உபைதுல்லாஹ் மட்டும் ஒரு நியாயத்தை எடுத்து வைத்தார்: இந்தப் பணம் குறைந்திருந்தாலோ அழிந்திருந்தாலோ நாங்கள்தானே ஈடு கட்டியிருப்போம்? கடைசியில் சபையில் இருந்த ஒருவரின் யோசனைப்படி அதைக் கிராளாக வைத்து, முதலையும் பாதி லாபத்தையும் பைத்துல் மாலுக்கு எடுத்துக்கொண்டு, மீதிப் பாதியை மகன்களுக்கு விட்டார்கள்.

உமர் (ரலி) அவர்களின் முன்னால் நின்று பேசும் தைரியத்தை உபைதுல்லாஹ்வுக்குக் கொடுத்தது எது? நஷ்டத்தைச் சுமக்கத் தயாராக இருந்தவர் அவர். நஷ்டம் யார் தலையில் என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான், லாபம் யாருக்கு என்ற பேச்சுக்கே வர முடியும். பொறுப்பை ஏற்பவனுக்கே பலன் என்ற கருத்தில் வரும் ஹதீஸையும் ஃபிக்ஹின் அடிப்படை விதியாகவே நாம் அரபுக் கல்லூரியில் ஓதுகிறோம்.

நஷ்டமே வராது, மாதாமாதம் ஹலாலான லாபம் என்று சொல்லி வருபவரிடம் பயப்படுங்கள். 2019-இல் பெங்களூரில் ஹலால் முதலீடு என்ற பெயரில் பணம் வாங்கிய ஒரு நிறுவனம் மூழ்கியபோது, பல்லாயிரக்கணக்கான முதலீட்டாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் நம் சமுதாயத்தினர். மஹருப் பணத்தையும் நகையையும் போட்ட பெண்கள் அதில் இருந்தார்கள். ஒழுங்காக மாதாமாதம் வந்ததே என்கிறார்கள். ஒழுங்காக வந்ததுதான் முதல் அடையாளம். உண்மையான வியாபாரத்தில் ஒரு மாதம் ஏறும், ஒரு மாதம் இறங்கும். நோன்பு மாதத்தில் ஜவுளிக்கடையும் டீக்கடையும் ஒரே மாதிரியா ஓடுகின்றன? அனுமதியில்லாமல் பொதுமக்களிடம் இப்படிப் பணம் திரட்டுவதைத் தடை செய்து மத்திய அரசும் அதே 2019-இல் சட்டம் கொண்டுவந்தது.

பொறுமையாக இருங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டிருங்கள் என்று அர்த்தமில்லை. நபித்துவத்துக்கு முன்பு கதீஜா (ரலி) அவர்கள் தம் சரக்கை நபியவர்களிடம் ஒப்படைத்து ஷாமுக்கு அனுப்பினார்கள். ஒட்டகப் பயணம், போய்வர மாதங்கள் ஆகும். போன் கிடையாது. மக்காவில் காத்திருந்தார்கள். ஆனால் கூடவே தம் பணியாளர் மைஸராவையும் அனுப்பியிருந்தார்கள். திரும்பி வந்ததும் அவர் சொன்ன தகவலையும் கேட்டுக்கொண்டார்கள். அல்அமீன் என்று ஊரே சொன்ன மனிதரிடம் பணம் கொடுத்த சீமாட்டி, கணக்கு அறியும் ஏற்பாட்டையும் வைத்திருந்தார்கள். தினமும் போன் போட்டு நச்சரிப்பதும் தவறு, மூன்று வருடம் கேட்காமல் இருந்துவிட்டு ஒரே நாளில் சட்டையைப் பிடிப்பதும் தவறு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை உட்கார்ந்து கணக்குப் பாருங்கள். அன்று எவ்வளவு வேண்டுமானாலும் கேள்வி கேளுங்கள்.

எந்தப் பணத்தைப் போடுகிறீர்கள் என்பதும் முக்கியம். அடுத்த வருடம் மகள் கல்யாணத்துக்கு என்று வைத்த பணம், ஹஜ்ஜுக்கு என்று ஒதுக்கிய பணம், அம்மாவின் வைத்தியப் பணம் இவற்றுக்கெல்லாம் தேதி இருக்கிறது. தேதி உள்ள பணத்தால் காத்திருக்க முடியாது. அதைப் போட்டவர் எவ்வளவு தங்கமான மனிதராக இருந்தாலும் சரி. முழுதாகப் போனாலும் வீட்டில் உலை கொதிக்கும் என்ற அளவுக்கு மட்டும் போடுங்கள்.

தொழில் செய்யும் பிள்ளைகளுக்கு

தம்பிமார்களே, நீங்கள் தப்பித்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

பங்காளிகள் இருவரில் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாத வரை தான் அவர்களோடு மூன்றாவதாக இருப்பதாக அல்லாஹ் சொல்வதாக நபியவர்கள் அறிவித்தார்கள் (அபூதாவூத்). அப்படிப்பட்ட கம்பெனியில் கணக்கை மறைத்தால் யாரிடம் மறைக்கிறீர்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். சில பிள்ளைகள் ‘பொறுமையாக இருங்கள் மாமா, இன்ஷா அல்லாஹ் சரியாகிவிடும்’ என்று சொல்லிவிட்டுப் போனை எடுப்பதே இல்லை. இன்ஷா அல்லாஹ் என்ற வார்த்தையை ஒளிந்துகொள்ளும் திரையாக்கிவிட்டார்கள். கெட்ட செய்தியைச் சொல்லாமல் மற்றவரைப் பொறுமையாக இருக்கச் சொல்ல உங்களுக்கு உரிமையில்லை. அவர் எதன் மீது பொறுமை கொள்வது என்பதாவது அவருக்குத் தெரிய வேண்டாமா?

எழுதுங்கள். குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் அல்பகராவின் 282-வது வசனம். தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல அது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது. சிறிய தொகையானாலும் பெரிய தொகையானாலும் எழுதச் சலிப்படைய வேண்டாம் என்று அதில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். ‘சொந்தத்துக்குள்ளே என்ன எழுத்து’ என்கிறோம். சொந்தத்துக்குள்தான் எழுத வேண்டும், முறிந்தால் இழப்பு அங்கேதான் அதிகம். லாப விகிதம் என்ன, கணக்கு எப்போது பார்ப்பது, எந்தக் கட்டத்தில் தொழிலை நிறுத்துவது என்பதை எழுதுங்கள். இன்னொன்றையும் எழுதுங்கள். முளாரபாவில் உழைப்பவருக்குச் சம்பளம் கிடையாது, லாபத்தில் பங்குதான். லாபம் வரும்வரை உங்கள் வீடு எப்படி ஓடும்? முதலீட்டிலிருந்து மாதாமாதம் எடுத்துச் செலவு செய்துவிட்டுப் பிறகு விளக்கம் தேடாதீர்கள். அதனால்தான் வீட்டு திர்ஹமும் கோடரி திர்ஹமும் தனித்தனி என்று முதலிலேயே சொன்னேன். கூட்டாகப் பணம் போடும் ஷிர்கத் முறையிலும், பொருள் தயாரிக்கும் தொழில்களிலும் சட்டங்கள் மத்ஹபுக்கு ஏற்ப மாறும். கையெழுத்துப் போடும் முன் ஓர் ஆலிமிடமும் ஓர் ஆடிட்டரிடமும் காட்டிவிடுங்கள்.

நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்துவதும் அமானத்தைக் காப்பதுதான். வாங்கியவர் மறுபடி வாங்க வருகிறாரா என்று பாருங்கள். வருகிறார் என்றால், குறைவாக இருந்தாலும் நிலைத்து நில்லுங்கள். அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமான அமல், குறைவானாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று நம் அன்னை ஆயிஷா (ரலி) வழியாக வரும் ஹதீஸ் தஹஜ்ஜுதுக்கு மட்டும் சொல்லப்பட்டதாக நான் நினைக்கவில்லை. யாரும் திரும்பி வரவில்லை என்றால், அடுத்தவர் பணத்தின் கடைசி ரூபாய்வரை எரித்துவிட்டு அதற்கு இஸ்திகாமத் என்று பெயர் வைக்காதீர்கள். திருப்பிக் கொடுக்க ஏதாவது மிஞ்சியிருக்கும்போதே உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தச் சாச்சாவும் பையனும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். பழைய பேச்சை ரத்து செய்தோம். வாங்கிய எண்பதாயிரம் முதலில் திரும்பியதாகக் கணக்கு வைத்தோம். மீதி நாலு லட்சத்து இருபதாயிரத்துக்குப் புதிதாக எழுதினோம். சாச்சாவுக்கு நாற்பது, பையனுக்கு அறுபது. பையன் காலையில் ஓர் அலுவலகத்தில் பகுதி நேர வேலைக்குப் போகிறான், அது வீட்டுக்கு. லாபம் வந்துவிட்டதா என்றால், இன்னும் வரவில்லை. கடைசியாகக் கணக்குப் பார்த்தபோது பதினோரு கடைகள் இரண்டாவது வருடத்துக்குப் பணம் கட்டிப் புதுப்பித்திருந்தன. சாச்சா அந்தப் பதினோரு பெயரையும் ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார். கையிலிருந்த பேனாவால் இரண்டு கடைகளுக்கு நேராகக் குறி வைத்து, “இவங்க நமக்குத் தெரிஞ்சவங்கதான், நான் போய்ப் பேசுறேன்” என்றார்.

ஜகாத்தைப் பற்றி ஒரு வார்த்தை, பலர் கேட்கிறார்கள். இப்படிப் போட்ட பணத்துக்கு லாபம் வராவிட்டாலும் ஜகாத் கணக்கு உண்டு. தொழிலில் உள்ள கம்ப்யூட்டர், மேசை, இயந்திரம், வண்டி போன்ற கருவிகளுக்கு ஜகாத் இல்லை. கையிருப்புப் பணம், விற்பனைக்கான சரக்கு, வசூலாகக் கூடிய பாக்கி ஆகியவற்றில் உங்கள் பங்கு எவ்வளவோ அதை உங்கள் மற்ற சொத்தோடு சேர்த்துப் பாருங்கள். நிஸாபை எட்டி ஆண்டு நிறைந்திருந்தால் இரண்டரை சதவீதம். கணக்குப் போடத் தெரியாவிட்டால் மூன்று மாதக் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு அஸருக்குப் பிறகு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.

யா அல்லாஹ்! அந்த அன்சாரித் தோழரின் கோடரியில் நீ வைத்த பரகத்தை எங்கள் பிள்ளைகளின் கைகளிலும் வைப்பாயாக! காத்திருக்கும் பெற்றோருக்கும் பெரியவர்களுக்கும் உள்ளத்தில் அமைதியைத் தருவாயாக! ஆமீன்.